லெவல் 4 மசித்த சாப்பாடு: சாதம் பசையாகுது, கஞ்சி தண்ணியாகுது, கீரை நாராவே நிக்குது

வைகைக்கரை (கேள்வி)

வணக்கம். அம்மாவுக்கு 71 வயது. பக்கவாதத்துக்குப் பிறகு போட்டிருந்த மூக்குக்குழாயை எடுத்துவிட்டார்கள். ஸ்பீச் தெரபிஸ்ட் எழுதிக் கொடுத்திருப்பது: சாப்பாடு லெவல் 4, தண்ணீர், காபி எல்லாம் லெவல் 2. பல் இருக்கிறது, ஆனால் வலப்பக்கக் கன்னத்துக்கு உணர்வு குறைவு. அசைவம் உண்டு, சர்க்கரை நோய் இல்லை. கையில் இருப்பது 750 வாட் மிக்ஸி, குக்கர், மாவுச் சல்லடை.

சாதத்தை மிக்ஸியில் அடித்தால் பசையாகி மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. தண்ணீர் விட்டால் ஓடுகிறது, நடுப்பதமே கிடைப்பதில்லை. அரிசிக்கஞ்சி கிண்ணத்தில் ஊற்றும்போது சரியாக இருக்கிறது, பாதி ஊட்டுவதற்குள் நீர்த்துவிடுகிறது. கீரை எவ்வளவு அரைத்தாலும் நார். கோழி மணல்மணலாக வருகிறது. எல்லாவற்றையும் தண்ணீர் விட்டுத்தான் அரைக்கிறேன், எடையும் இறங்குகிறது.

என் முதல் கேள்வி, செய்தது லெவல் 4 தானா என்று வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது? பிறகு மேலே சொன்ன நான்கையும் எப்படிச் சரிசெய்வது?

தொண்டைப்பயிற்சி

விழுங்கல் சிகிச்சைதான் என் வேலை, அதனால் பதம் பார்ப்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். லெவல் எண்கள் ஐ.டி.டி.எஸ்.ஐ என்ற பன்னாட்டு அளவுகோலில் 0 முதல் 7 வரை போகும். 0 வெறும் தண்ணீர், 2 சற்றே கெட்டியான பானம், 4 கட்டியில்லாத மசியல், 7 வழக்கமான சாப்பாடு. சோதனைக்குக் கருவி எதுவும் வாங்க வேண்டாம், முள்கரண்டியும் தேக்கரண்டியும் போதும்.

முள்கரண்டியில் ஒரு குவியல் எடுத்துத் தூக்குங்கள். லெவல் 4 என்றால் குவியல் மேலேயே உட்கார்ந்திருக்கும். இடுக்கு வழியே கொஞ்சம் இறங்கிச் சின்ன வாலாகத் தொங்கலாம், ஆனால் தொடர்ந்து சொட்டக் கூடாது. சொட்டினால் நீர்த்துவிட்டது. அடுத்து தேக்கரண்டி நிறைய எடுத்துச் சாயுங்கள். உருவம் கலையாமல் ஒரே உருண்டையாக 'தொப்'பென்று விழ வேண்டும், கரண்டியில் மெல்லிய படலம்தான் மிஞ்ச வேண்டும். சாய்த்தும் விழவில்லை, உதற வேண்டியிருக்கிறது என்றால் ஒட்டும் பதம். உங்கள் சாதம் தோற்பது இந்த இரண்டாவது சோதனையில். பலர் முதல் சோதனையோடு நிறுத்திக்கொள்வார்கள். சொட்டாத உணவு எல்லாம் பாதுகாப்பான உணவு இல்லை. தொண்டையில் அப்பிக்கொண்டு பிறகு மூச்சுக்குழாய்க்குள் சறுக்குவது பெரும்பாலும் இந்த ஒட்டுகிற ரகம்தான்.

மூன்றாவதாக, ஒரு துளியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே தேயுங்கள். நெருடினால் திரும்பச் சல்லடைக்கு. இந்த மூன்றையும் அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டில் பார்க்காதீர்கள். ஊட்டும் சூட்டில் பாருங்கள், கிண்ணத்தில் கால்வாசி இருக்கும்போது இன்னொரு தடவை பாருங்கள். அந்த நேரத்தில் மாவுச்சத்து இறுகியிருக்கும் அல்லது உங்கள் கஞ்சி மாதிரி இளகியிருக்கும்.

கஞ்சி இளகுவதற்குக் காரணம் எச்சில். எச்சிலில் இருக்கும் அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைக்கும். வாய்க்குள் போய்வந்த கரண்டியை மறுபடி கிண்ணத்தில் விட்டால், ஒவ்வொரு வாய்க்கும் கொஞ்சம் அமைலேஸ் கஞ்சிக்குள் போகிறது. கஞ்சி வெதுவெதுப்பாக இருப்பது அதற்கு இன்னும் வசதி. பெரிய கிண்ணத்தைத் தனியே மூடி வையுங்கள். அதிலிருந்து சுத்தமான கரண்டியால் நாலைந்து வாய்க்கு வேண்டியதைச் சின்னக் கிண்ணத்தில் எடுத்து ஊட்டுங்கள். தீர்ந்ததும் அடுத்தது. இதுவே பெரும்பாலும் போதும்.

ராகிக்கும் ஒரு எச்சரிக்கை. முளைகட்டிய ராகி மாவிலும் அமைலேஸ் உண்டு. 'ராகி மால்ட்' என்று விற்பதில் பல முளைகட்டியவை. அவற்றைக் காய்ச்சினால் எதிர்பார்த்த கெட்டி வராது. கெட்டியாக இருக்கிற இளஞ்சூட்டுக் கஞ்சியில் ஒரு கரண்டி போட்டால் அதையும் சேர்த்து நீர்க்க வைத்துவிடும். முளைகட்டாத ராகி மாவே உங்களுக்குச் சரி.

கல்சட்டி

சமையல் பக்கத்தை நான் எடுத்துக்கிறேன். மசித்த உணவு சமைச்சுக் கொடுக்கிறதுதான் தொழில்.

வெந்த சாதத்தை மிக்ஸியில அடிக்கவே கூடாது. பிளேடு சோற்றை உடைக்கும்போது உள்ளே இருக்கிற மாவுச்சத்து வெளிய வந்து பசையாயிடும். எவ்வளவு நேரம் ஓட்டுறீங்களோ அவ்வளவு பசை. உருளைக்கிழங்குக்கும் இதே கதைதான், அதைக் கையால மசிச்சு சல்லடையில தேய்க்கணும். ஆறின சோறு இன்னும் மோசம், அரைச்சா பசையும் வரும் குருணையும் வரும்.

வழி ஒண்ணு: அரிசியை வேகுறதுக்கு முன்னாடியே அரைச்சிடுங்க. பச்சரிசியை வாசம் வர்ற அளவுக்கு, நிறம் மாறாம வறுத்து, ஆறவிட்டு, நைசா அரைச்சு மாவுச் சல்லடையில சலிச்சு டப்பாவில வையுங்க. 200 மி.லி. திரவத்துக்கு 30 கிராம் மாவு, அதாவது தலைதட்டி 3 மேசைக்கரண்டி. முதல்ல கால்வாசித் திரவத்தைப் பச்சையா விட்டுக் கட்டியில்லாம கரைச்சுக்குங்க. மீதியைக் கொதிக்கவிட்டு அதில ஊத்தி, சிறு தீயில 6, 7 நிமிஷம் கைவிடாம கிளறுங்க. இறக்கி 1 தேக்கரண்டி நெய். நெய் ருசிக்கு மட்டும் இல்ல, மாவுமேல படலமாப் படிஞ்சு ஒட்டுறதைக் குறைக்கும். அரிசிக்கு அரிசி தண்ணி இழுக்கிறது மாறும், அதனால முதல் தடவை 25 கிராம்ல ஆரம்பிச்சு முள்கரண்டி வச்சுப் பாருங்க.

வழி ரெண்டு, எனக்குப் பிடிச்சது: பொங்கல். அரிசியும் பாசிப்பருப்பும் சம அளவு, ஒரு பங்கு கலவைக்கு 6 பங்கு தண்ணி, 7 விசில். பருப்பு பாதிக்குப் பாதி இருந்தா பசை தானாவே அடங்கிடும். சூட்டோட சல்லடையில போட்டுக் குழிக்கரண்டி முதுகால தேய்ச்சு இறக்குங்க. கீழ்ப்பக்கம் ஒட்டியிருக்கிறதையும் வழிச்செடுக்கணும், நல்ல பகுதியே அங்கதான் நிக்கும். முழு மிளகு, சீரகம், முந்திரி, கறிவேப்பிலை எதுவும் உள்ள போகக் கூடாது. வாசம் வேணும்ல? 2 தேக்கரண்டி நெய்யில அதையெல்லாம் தாளிச்சு, வடிகட்டி, நெய்யை மட்டும் ஊத்துங்க. சாம்பார், கூட்டு எல்லாத்துக்கும் தாளிப்பு இப்படித்தான். மிளகுத்தூள் தூவுறதும் வேண்டாம், அந்தத் தூள் தொண்டையில உக்காந்து இருமல் கிளப்பும்.

இட்லி கேப்பாங்க. ஆவி பறக்கிற இட்லி ரெண்டு, பிச்சுப் போட்டு, 100 மி.லி. சூடான பருப்புத் தண்ணி, 1 தேக்கரண்டி நல்லெண்ணெய், மூடி 5 நிமிஷம் ஊறணும். ஊறின பிறகு மிக்ஸி தேவையே இல்ல, மத்தால கடைஞ்சு சல்லடை. காலையில் சுட்ட இட்லி மத்தியானத்துக்கு ஆகாது, வெள்ளை வெள்ளையா துகள் நிக்கும்.

கீரைக்கு: தண்டு ஒரு துணுக்கு கூட வேண்டாம், இலை மட்டும். பசலை, சிறுகீரை, அரைக்கீரை நல்லா மசியும். முருங்கைக்கீரையை விட்டுடுங்க, அந்த இலைக்காம்பு எந்த மிக்ஸிக்கும் அடங்காது. இலையை மட்டும் 5 நிமிஷம் வேகவச்சு, ஒட்டப் பிழிஞ்சு, சின்ன ஜாரில அரைங்க. நார் நிக்கிறதுக்குப் பாதி காரணம் பெரிய ஜார். கொஞ்சூண்டு கீரை பிளேடுக்கு எட்டாம சுவத்துல அப்பிக்கும். தண்ணி விடாம விட்டு விட்டு அடிச்சு, வழிச்சுவிட்டு, அப்புறம் 3 மேசைக்கரண்டி வெந்த பாசிப்பருப்போட ஓட்டுங்க. அப்பவும் சல்லடை கட்டாயம். பருப்பு இல்லாம கீரையை மட்டும் கொடுத்தா தட்டில பச்சைத் தண்ணி பிரிஞ்சு ஓடும். பிரிஞ்ச தண்ணி லெவல் 0 தண்ணிதான்.

சுரைக்காய், பீர்க்கங்காய், சௌசௌ எல்லாம் இதே மாதிரி பிரியும். மஞ்சள் பூசணியும் கேரட்டும்தான் உத்தமம். வாழைத்தண்டு, வாழைப்பூ, பீன்ஸ், அவரை, சோளம், பட்டாணித்தோல் எல்லாம் வேண்டாம். தேங்காய்த்துருவல் என்ன செஞ்சாலும் மசியாது, பால் எடுத்து ஊத்துங்க. தக்காளியைத் தோலும் விதையும் எடுத்துத்தான் சேர்க்கணும். ஜவ்வரிசியை வீட்டுப் பக்கமே சேர்க்காதீங்க.

கோழி: எலும்பில்லாத தொடைக்கறி 100 கிராம், 150 மி.லி. தண்ணி, இஞ்சிச்சாறு, உப்பு, 6 விசில். நெஞ்சுக்கறி வறண்டு போகும், மணல் அங்கிருந்துதான் வருது. வெந்ததும் நாரா பிச்சு, முதல்ல தண்ணி இல்லாம அடிச்சு, அப்புறம் வெந்த தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டு, 2 மேசைக்கரண்டி மசிச்ச பருப்பும் 1 மேசைக்கரண்டி கெட்டித் தேங்காய்ப்பாலும். கறிக்குப் பிணைப்பும் கொழுப்பும் வேணும், அதில்லாம எவ்வளவு நேரம் ஓடினாலும் மணல்தான். கொதிக்கக் கொதிக்க ஜாரில போட்டு மூடியை இறுக்காதீங்க, ஆவி மூடியைத் தூக்கி அடிச்சுடும். வெதுவெதுப்பானதும், ஜாரில பாதிக்கு மேல போகாம.

மீன்னா வஞ்சிரம், கொடுவா. வேகவச்சு விரலால ஒவ்வொரு இழையா தடவிப் பார்த்துட்டுத்தான் அரைக்கணும். மத்தி, நெத்திலி கிட்டயே போகாதீங்க. முட்டை எல்லாத்தையும் விட லேசு: 1 முட்டை, 100 மி.லி. பால், உப்பு, அடிச்சு வடிகட்டி, மூடி, சிறு தீயில ஆவியில 12 நிமிஷம். ஆறினதும் கரண்டியால நல்லா அடிச்சா வழவழன்னு வரும். அவிச்ச முட்டை மஞ்சள்கரு அண்ணத்துல அப்பும், அது வேண்டாம்.

பழையசோறு

இவ்வளவு கஷ்டம் எதுக்குங்க? குழந்தைக்குக் கொடுக்கிற மாதிரி சாதம், காய் எல்லாத்தையும் சேர்த்து ரசம் விட்டு ஒரே அடியா அடிச்சு, வடிகட்டிக் கொடுத்தா போச்சு. ரசம் செரிமானத்துக்கும் நல்லது.

தொண்டைப்பயிற்சி

ஐயா, ரசம் விட்டு அடித்தால் நீர்மமும் திப்பியும் தனித்தனியாக நிற்கும். நீர் வாயில் நிற்காமல் தொண்டைக்கு ஓடும். திப்பி இன்னும் நாக்கின் மேல் இருக்கும். ஒரே நேரத்தில் இரண்டு வேகத்தைச் சமாளிப்பது விழுங்கல் பாதித்தவர்களுக்கு மிகக் கடினம், ரசம் சாதம் அதனால்தான் முதலில் நிறுத்தப்படுகிறது. ரசம் வேண்டுமென்றால் தெளிவாக வடிகட்டி, லெவல் 2க்குக் கெட்டியாக்கித் தனியாகக் கொடுக்கலாம். எல்லாவற்றையும் ஒன்றாக அடிப்பதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. பழுப்பு நிறத்தில் ஒரே ருசியாக வரும் கிண்ணத்தை மூன்றாம் நாள் யாரும் வாயில் வாங்க மாட்டார்கள். கீரை, பூசணி, பருப்பு தனித்தனிக் குவியலாக இருக்கட்டும்.

கெட்டியாக்கும் பொடியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாவுச்சத்தில் செய்தது, சாந்தன் கம் என்ற பிசினில் செய்தது என்று இரண்டு வகை. எச்சிலின் அமைலேஸ் முதல் வகையை உடைக்கும், இரண்டாவதை உடைக்காது, அதனால் இரண்டாவதே மேல். டப்பாவில் போட்ட அளவுப்படி தூவி உடனே கிளறி, 5 நிமிடமாவது விடுங்கள். பாலில் இன்னும் நேரமாகும். பொறுமையில்லாமல் இன்னொரு கரண்டி போட்டால் கொஞ்ச நேரம் கழித்து டம்ளரே களியாகிவிடும்.

லெவல் 2 பார்க்க ஊசியில்லாத 10 மி.லி. சிரிஞ்ச் போதும். 0 கோட்டிலிருந்து 10 கோடு வரை 61.5 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று ஸ்கேலால் அளந்துவிடுங்கள், நீளம் மாறினால் கணக்கும் மாறும். உள்தண்டை எடுத்துவிட்டு, முனையை விரலால் அடைத்து 10 வரை ஊற்றி, விரலை எடுத்து 10 நொடி விடுங்கள். மீதி 4க்கும் 8க்கும் இடையில் நின்றால் லெவல் 2. நான்குக்குக் கீழே போனால் நீர்த்தது, எட்டுக்கு மேல் நின்றால் அதிகக் கெட்டி. காபியைக் குடிக்கும் சூட்டிலேயே அளக்க வேண்டும்.

ஐஸ்கிரீம், ஜெல்லி, ஐஸ்கட்டி இந்தக் கணக்கில் திடம் அல்ல. வாய்ச் சூட்டில் தண்ணீராகிவிடும்.

இரவுப்பணி

ரெண்டு மூணு விஷயம் விட்டுப்போச்சு, செவிலியர் பக்கத்திலிருந்து சொல்றேன்.

மாத்திரை. பேரோட எஸ்.ஆர், எக்ஸ்.எல், சி.ஆர் மாதிரி எழுத்து (மெதுவா மருந்து விடுற ரகம்) இருந்தா அதையும், குடலில் கரையும்படி பூச்சு போட்டதையும் பொடிக்கக் கூடாது. மருந்தாளரிடமோ டாக்டரிடமோ சிரப் இருக்கான்னு கேளுங்க. பொடிக்கலாம்னு சொன்னதை ஒரு தேக்கரண்டி கெட்டித் தயிரிலோ பூசணி மசியலிலோ கலந்து முதல் வாயா கொடுங்க. முழுக் கிண்ணத்தில கலந்தா பாதி மருந்து மிஞ்சும்.

மலச்சிக்கலுக்கு பாலிஎதிலீன் கிளைக்கால் பொடி எழுதியிருந்தா கவனம். அது மாவுச்சத்துக் கெட்டிப்பொடியோட சேர்ந்தா தண்ணியை மறுபடி மெல்லிசாக்கிடும். இங்கிலாந்தின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021லேயே இதை எச்சரிச்சிருக்கு. இசப்கோல் தொண்டையிலேயே ஊதி அடைக்கும், அதை வீட்டு வைத்தியமா ஆரம்பிக்காதீங்க.

ஊட்டும்போது இடுப்பு 90 பாகை, தலை பின்னால சாயாம. கட்டிலைப் பாதி தூக்கி வச்சு ஊட்டுறது போதாது. அரைத் தேக்கரண்டி, உணர்வு இருக்கிற இடப்பக்கம் வச்சு. குரல்வளை மேல ஏறி இறங்குறதைப் பார்த்தப்புறம்தான் அடுத்த வாய். பாலாடையால ஊத்துறது வேண்டவே வேண்டாம், எவ்வளவு போகுதுன்னு உங்க கையில இருக்காது. தூக்கக் கலக்கம்னா அந்த வேளையைத் தள்ளிப்போடுங்க. முடிச்சதும் வலக்கன்னத்துக்குள்ள ஈரத்துணி சுத்தின விரலால துழாவிப் பாருங்க, அங்கே உணவு தங்கும். கடிக்கிற வழக்கம் இருந்தா விரலை உள்ள விடாதீங்க. பல்லும் நாக்கும் துலக்கி, 30 நிமிஷம் உக்காந்தே இருக்கணும். வாய் அழுக்கா இருந்தா, எச்சில் நுரையீரலுக்குப் போனாலே நிமோனியாவுக்கு வழி.

புரை ஏறினாத்தான் ஆபத்துன்னு நினைக்காதீங்க. சத்தமே இல்லாம உள்ள போறதும் உண்டு. சாப்பிட்டப்புறம் குரல் கரகரன்னு ஈரமா கேட்டாலோ, மூச்சு வேகமானாலோ, காய்ச்சல் வந்தாலோ ஊட்டுறதை நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க.

வைகைக்கரை

எல்லாருக்கும் நன்றி. சின்னக் கிண்ணமாக மாற்றியதில் கஞ்சி இப்போது கடைசிவரை நிற்கிறது. இரண்டு சந்தேகம். தண்ணீர் இல்லாமல் எடையை எப்படிக் கூட்டுவது? ஒவ்வொரு வேளையும் சல்லடையில் தேய்ப்பது முடியவில்லை, செய்து ஃப்ரீசரில் வைக்கலாமா?

கல்சட்டி

இளக்குறதுக்குத் தண்ணியைத் தொடாதீங்க. கணக்கு இதுதான்: ஒரு கப் சாதத்துக்கு ஒரு கப் தண்ணி சேர்த்தா கிண்ணம் ரெண்டு மடங்கு, சத்து அதே ஒரு கப். பாதியில வயிறு நிறைஞ்சுடும். அதுக்குப் பதில் பால், தேங்காய்ப்பால், பருப்புத் தண்ணி, கறி வெந்த தண்ணி. ஒவ்வொரு கிண்ணத்துக்கும் 1 தேக்கரண்டி நெய்யோ எண்ணெயோ போட்டா ஏறக்குறைய 45 கலோரி கூடும், பதமும் வழவழப்பா வரும். கஞ்சிப் பாலில 1 மேசைக்கரண்டி பால்பவுடரைக் கரைச்சு ஊத்துங்க. மூணு பெரிய வேளையா இல்லாம 150 மி.லி. அளவில 5, 6 வேளையா பிரிங்க. விழுங்குறதே அவங்களுக்குக் களைப்பு, அரை மணிக்கு மேல போனா கடைசி வாய்கள்லதான் புரை ஏறும். வாரம் ஒரு தடவை எடை பாருங்க, அப்பவும் இறங்கினா உணவியல் நிபுணரைப் பார்க்கணும்.

ஃப்ரீசர் தாராளமா. பூசணி, கேரட், கீரைப்பருப்பு, கோழி நாலும் உறையும். ஆறினதும் வெளிய கிடக்கவிடாம ஐஸ் ட்ரேயில நிரப்பி மூடிடுங்க. எங்க வெயில்ல ஒரு மணி நேரம்தான் கெடு. உறைஞ்சதும் எடுத்துக் கவர்ல தேதி எழுதிப் போடுங்க. ட்ரேக்குழியைத் தண்ணி ஊத்தி அளந்து வச்சுக்கிட்டா, ஒரு வேளைக்கு எத்தனை கட்டின்னு தெரிஞ்சுடும். அரிசிக்கூழும் பொங்கலும் உறைஞ்சு உருகினா குருணையாகித் தண்ணி விடும், அதை மட்டும் அன்னன்னைக்குச் செய்யுங்க. மாவு டப்பா ரெடியா இருந்தா 10 நிமிஷ வேலைதான். தயிர், முட்டை உறைய வைக்காதீங்க.

சூடு பண்ணும்போது நடுவிலிருந்தும் ஆவி வரணும், மைக்ரோவேவ்னா பாதியில எடுத்துக் கிளறுங்க. ஓரத்துல பொருக்கு கட்டியிருந்தா எடுத்து எறிங்க, அதைக் கலக்கிவிடாதீங்க. உருகின பூசணி கொஞ்சம் தண்ணி விடும், 1 தேக்கரண்டி மசிச்ச பருப்பு சேர்த்துக் கடைஞ்சா பிடிச்சுக்கும். அப்புறம் மறுபடி முள்கரண்டி, தேக்கரண்டி ரெண்டும். ஒரு தடவை சூடு பண்ணினதைத் திரும்ப ஃப்ரீசர்ல வைக்காதீங்க, மிஞ்சினா வீட்ல யாராவது சாம்பார்ல கரைச்சுக்கட்டும்.

தொண்டைப்பயிற்சி

ஊட்டின கிண்ணத்தில் மிஞ்சியதை மட்டும் யாருக்கும் வேண்டாம், கொட்டிவிடுங்கள். அடுத்த பரிசோதனை எப்போது என்று தெரபிஸ்டிடம் இப்போதே கேட்டு வையுங்கள். அம்மா நன்றாக விழுங்குவது போல் தெரிந்தாலும் லெவல் 5க்கு நீங்களாக மாற்ற வேண்டாம். அதில் 4 மில்லிமீட்டர் வரைக்கும் துகள் இருக்கலாம். நாக்கால் அதைத் திரட்டிப் பின்னால் தள்ள முடிகிறதா என்பதை தெரபிஸ்ட் பார்த்துத்தான் சொல்ல முடியும்.